வெள்ள வருடத்து விரதம்

இராசமலர் ரீச்சரும் நானும் வன்னியில் ஒரே பாடசாலையில் சில வருடங்கள் படிப்பித்தோம். அவர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குள் நுழைந்த கதையில் பாதியை அவர் வாயால் கேட்டேன். மீதிப் பாதியை, பூநகரிக் கரையில் கலியாணம் முடித்துப் பிள்ளைகுட்டியோடு இருக்கும் மரியமலர் சொன்னாள். இரண்டும் நன்றாகவே பொருந்தின. ரீச்சர் தன் பாதியைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவரின் தகப்பன் அப்புத்துரை யாழ்ப்பாணத்தார். குடியேற்றத் திட்டத்தில் வட்டக்கச்சியில் காணி கிடைத்து வந்தவர். வரும்போது மண்வெட்டி, ஒரு சோடி மாடு, பெண்சாதி, கைக்குழந்தை இவற்றோடு தன் ஊர்ப் பெருமையையும் வண்டியில் ஏற்றி வந்தார். மாடுகள் முதல் வருடமே காய்ச்சலில் செத்துப்போயின. பெருமைக்கு ஒரு காய்ச்சலும் வரவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பாடுபட்டார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், ஒருவரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஆர் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், ஆர் வீட்டில் குடிக்கக்கூடாது என்ற கணக்கில் மட்டும் அவரை ஒருவரும் அசைக்க முடியாது.

மூத்தவள் இராசமலர் எஸ்.எஸ்.ஸி. சித்தியடைந்து, கலாசாலைக்கான எழுத்துச் சோதினையிலும் தேறியிருந்தாள். மிஞ்சியிருந்தது நேர்முகப் பரீட்சை. புதுவருடம் பிறந்த கையோடு யாழ்ப்பாணத்தில் வைத்திருந்தார்கள். பரீட்சகர்களுக்கு முன்னால் ஒரு சிறு பாடம் நடத்திக் காட்டவும் வேண்டும். இந்த முறை தவறினால் இன்னொரு முறை என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்புத்துரை தன் தமக்கையின் மகனுக்கு அவளைப் பேசி முடித்து, “கலாசாலை கிடைச்சாப் பாப்பம், கிடைக்காட்டித் தையிலை தாலி” என்று சொல்லி வைத்திருந்தார். அந்த மச்சானை நான் பார்த்ததில்லை. ஆனால் ரீச்சர் அவன் பெயரைச் சொல்லும்போது உதட்டைச் சுழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவள் அந்த நேர்முகத்துக்கு உயிரைக் கொடுத்துப் படித்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்போதுதான் ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் வந்தது. குளங்கள் உடைப்பெடுத்தன. வயல் எது, வாய்க்கால் எது, வீதி எது என்று தெரியாமல் எங்கும் ஒரே தண்ணீர். அப்புத்துரையின் வீட்டு மண்சுவர் கரைந்து விழுந்தது. இராசமலரின் புத்தகங்கள் அதற்குள்ளே போயின. மார்போடு அணைத்துக்கொண்டு வந்த சுகாதாரப் புத்தகமும் நனைந்து கூழாகிவிட்டது.

சாய்ந்து நின்ற கூரையில் தொற்றிக்கொண்டிருந்த அவர்களை இறக்கிக் காப்பாற்றியவன் மத்தேயு. பூநகரிக் கரையில் மீன்பிடிக்கிறவன். கரையிலிருந்து வள்ளங்களை லொறிகளில் ஏற்றிவந்து, நெல் விளைய வேண்டிய இடத்துக்கு மேலால் ஓட்டி, சனத்தை மீட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தேயு அப்புத்துரைக்குப் புதிய ஆள் அல்ல. ஒவ்வொரு அறுவடைக்கும் கருவாட்டுச் சாக்கோடு வந்து நெல்லுக்கு மாற்றிப் போகிறவன்தான். நல்ல சீலாக் கருவாடு இருந்தால் முதலில் அப்புத்துரையின் படலையில்தான் நிற்பான். அந்த மனிதர் கருவாடென்றால் உயிரை விடுவார்.

பாடசாலை மண்டபத்தில் கொண்டுபோய் எல்லோரையும் இறக்கினார்கள். அங்கே ஒரு பெரிய கிடாரத்தில் பொதுச் சமையல். அப்புத்துரை குடும்பம் அதில் கை வைக்கவில்லை. மூலையில் மூன்று கல் வைத்து, ஈர விறகை ஊதி ஊதித் தனியே சமைத்தார்கள். புகை மட்டும் பொதுவாக எல்லாருக்கும் கிடைத்தது. இராசமலர் கண்ணை மூடிக்கொண்டு, கரைந்துபோன புத்தகத்தை மனதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்திலிருந்த கிழவிகள் பிள்ளை தேவாரம் படிக்கிறதென்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

ரயில் பாதைக்குக் கீழே மண் போய்விட்டது. பஸ் இல்லை. யாழ்ப்பாணம் போக வழியில்லாமல் அப்புத்துரை மண்டப வாசலில் முழித்துக்கொண்டு நின்றபோது மத்தேயுதான் கேட்டான்.

“என்னய்யா, பிள்ளைக்குச் சோதினையெல்லே?”

“ஓம் மத்தேயு. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.”

“லொறி எங்கடை பக்கம்தானே திரும்பப் போகுது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வாடைக்காத்து கொஞ்சம் விட்ட உடனை என்ரை வள்ளத்திலை களப்புக்கு அக்கரையிலை யாழ்ப்பாணத்திலை கொண்டுபோய் விடுறன்.”

தாயையும் சின்னதுகளையும் மண்டபத்தில் சொந்தக்காரரோடு விட்டுவிட்டுத் தகப்பனும் மகளும் லொறியில் ஏறினார்கள். பூநகரிக் கரையில் மத்தேயுவின் ஓலை வீடு மேட்டில் இருந்ததால் தப்பியிருந்தது. அவன் மனைவி ஜோசப்பின் ஈரத்தோடு வந்தவர்களுக்குக் காய்ந்த சீலை கொடுத்து, பாய் விரித்து, ஆவி பறக்கும் கூழைக் கொண்டுவந்து வைத்தாள். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சிய ஒடியற் கூழ். இராசமலருக்கு வாசத்திலேயே வாய் ஊறிவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் கை நீட்டினாள். அப்புத்துரை அவள் கையைப் பிடித்தார்.

“குறை நினைக்காதை பிள்ளை ஜோசப்பின். திருவெம்பாவை துவங்கீட்டுதெல்லே. நாங்கள் ரெண்டு பேரும் விரதம். சமைச்சது ஒண்டும் வாயிலை வைக்கிறேல்லை. இளநியும் பழமும் போதும்.”

அந்த வருடம் அவர் வீட்டில் ஒருவரும் திருவெம்பாவை விரதம் பிடிக்கவில்லை. அதற்கு முந்திய வருடமும் இல்லை. அவர் வேண்டாமென்று சொல்ல நினைத்தது கூழை அல்ல, கூழ் காய்ச்சிய கையை. அதை நேரே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உயிரைக் காப்பாற்றியவன் முன்னால் எப்படி வரும்? கடவுளைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டார்.

மத்தேயு மனைவியிடம் திரும்பி, “கருவாடெண்டாப் பறக்கிற மனிசன். சாமிக்காக எவ்வளவையும் விட்டிட்டார் பாத்தியே,” என்று உண்மையாகவே வியந்தான். ஜோசப்பின் கூழை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் இராசமலர் தகப்பனைக் கேட்டாள். “ஏனப்பா பொய் சொன்னனீங்கள்? அவையளிட்டைக் கருவாடு வாங்கித் தின்னிறம்தானே?”

“காஞ்சது வாங்கலாம் மோனை. வெந்தது வாங்கேலாது. நாளைக்கு ஊரிலை தெரிஞ்சா ஆர் உன்னைக் கட்டுவான்?”

ரீச்சர் இந்த இடத்தில் என்னிடம் சொன்னது இதுதான்: “எனக்கு அப்பாவிலை வெக்கமாயிருந்தது. ஆனா அவர் சொன்னது எனக்கும் வசதியாயிருந்தது. அந்தக் கோப்பையை எடுக்க எனக்கும் ஒரு அருவருப்பு இருந்தது. பசிக்கேக்கையும் இருந்தது.” அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்ததென்று எனக்குத்தான் தெரியும்.

காற்று விடவில்லை. பழமும் இளநீரும் போதும் என்று சொல்வது சுலபம். வெள்ளத்தில் வாழையெல்லாம் சரிந்து கிடக்கும்போது பழத்துக்கு எங்கே போவது? ஜோசப்பின் மூத்த மகள் மரியமலரை இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் மேட்டுக் காணிகளுக்கு அனுப்பினாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் அவள். கிடைத்ததைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, உடுப்பைப் பிழிந்துவிட்டு, “கழுவினனான் அக்கா, ஒருதரும் கடிக்கேல்லை,” என்று நீட்டுவாள்.

அதோடு விட்டாளா ஜோசப்பின்? விரதக்காரர் இருக்கிற வீட்டில் மீன் வாடை வரக்கூடாதென்று அடுப்பில் மீன் ஏற்றுவதை நிறுத்திவிட்டாள். கருவாட்டுச் சாக்கைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்தாள். ஒருவரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை. அவளாகவே செய்தாள். அந்த நாட்களில் அந்தக் கரையில் தாராளமாக இருந்தது மீன் ஒன்றுதான். அரிசி இல்லை, மரக்கறி இல்லை. களப்பில் மட்டும் மீன் கொட்டிக் கிடந்தது. மத்தேயு கரையோரத்தில் வலை வீசிப் பிடித்து வந்ததை அயலுக்குக் கொடுத்தான். அவன் பிள்ளைகள் உப்புக் கஞ்சி குடித்தார்கள். புதுவருடத்தன்று மாதா கோவிலுக்குப் போய் வந்தும் அந்த வீட்டில் உப்புக் கஞ்சிதான். அயல் வீட்டில் பாரை பொரிக்கும் வாசம் வந்தபோது சின்னதுகள் அழுதன. ஜோசப்பின் அதட்டி அடக்கினாள்.

“அந்த அக்கா சாமிக்காகப் பட்டினி கிடந்து படிக்கிறா. உங்களுக்கு ஒரு மீன் இல்லாட்டிச் செத்துப்போவியளே?”

இதைக் கேட்டுக்கொண்டே இராசமலர் படித்தாள். எதைப் படித்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நேர்முகத்தில் நடத்திக் காட்ட அவள் தெரிந்தெடுத்திருந்த பாடம் ‘வளரும் பிள்ளைகளுக்கு ஏற்ற நல்ல உணவு’. ஒத்திகை பார்க்க மாணவர்கள் வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் மாணவர்கள். மணலில் குச்சியால் கீறி, பால், முட்டை, கீரை, மீன் என்று எழுதினாள். மீன் தின்றால் தசை வளரும், எலும்பு உறுதியாகும் என்றாள். பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்டன.

“உங்களுக்கு எல்லாத்திலும் பிடிச்ச சாப்பாடு எது?” என்று பாடத்தில் உள்ளபடி கேட்டாள்.

சின்னவள் வாயைத் திறந்தாள். மரியமலர் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். “சொல்லாதை! அக்காவின்ரை விரதம் முறிஞ்சிடும்.”

இராசமலர் குச்சியைப் போட்டுவிட்டுக் கடற்பக்கம் போய் நின்றாள். அன்று மாலைக்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று முடிவு செய்தாள். பிறகு வள்ளத்தை நினைத்தாள். உண்மையைக் கேட்டு அவர்கள் கோபித்தால் அக்கரைக்கு ஆர் கொண்டுபோவது? நேர்முகம் போய்விடும், தையில் தாலி வந்துவிடும். சோதினை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று திரும்பி வந்து குச்சியை எடுத்தாள். அதற்குப் பிறகு ஒத்திகை இன்னும் நன்றாக நடந்ததாம். இதைச் சொன்னபோதுதான் ரீச்சர் முகத்தை அடியோடு திருப்பிக்கொண்டார்.

நேர்முகத்தன்று விடியலில் காற்று அடங்கியது. மத்தேயு வள்ளத்தைத் தள்ளினான். ஜோசப்பின் கரைவரைக்கும் வந்து இராசமலரின் நெற்றியில் சிலுவை போடக் கையை உயர்த்தியவள், இது சைவப் பிள்ளையெல்லே என்று நினைத்தோ என்னவோ கையை இறக்கிக்கொண்டு, “போட்டு வா பிள்ளை, மாதா காப்பா,” என்று மட்டும் சொன்னாள்.

நேர்முகம் அருமையாகப் போயிற்று. வெள்ளத்தால் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் பயத்தில் தடுமாறினார்கள். இராசமலர் நிற்கவேண்டியபடி நின்று, கேட்கவேண்டியபடி கேட்டு, முன்னால் பிள்ளைகள் இருப்பதுபோலவே நடத்தினாள். பரீட்சகர்களில் ஒருவராக இருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“இந்த வெள்ளத்துக்குள்ளை இவ்வளவு நல்லா எங்கை பழகினனீர்?”

“எங்கடை வீட்டிலை, ரீச்சர். தங்கச்சிமாருக்குச் சொல்லிக் குடுத்துப் பழகினனான்.”

வீடு கரைந்துபோனதை அவள் மறந்தா சொன்னாள்? இல்லை. மத்தேயு வீட்டின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த மேசைக்கு முன்னால் அதை வெளியே விட அவளுக்குக் கூசியது.

வெளியே வந்ததும் அப்புத்துரைக்கு மகளின் முகத்தைப் பார்த்தே விஷயம் விளங்கிவிட்டது. சந்தோசத்தோடு பொய் விரதத்தின் பசியும் சேர்ந்துகொண்டது. மத்தேயு கயிறு வாங்கவென்று சந்தைக்குள் போயிருந்தான். அப்புத்துரை மகளை இழுத்துக்கொண்டு சந்தையடிச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குள் நுழைந்தார். முதலில் சமையற்காரனை எட்டிப் பார்த்து, அவன் எந்த ஊர், ஆற்றை ஆள் என்று விசாரிக்கத் தவறவில்லை. பசியிலும் மனிதர் நிதானம் இழக்கவில்லை. திருப்திப்பட்ட பிறகு சோறும் மீன்குழம்பும் பொரியலும் கொண்டுவரச் சொன்னார்.

“தின் மோனை. இஞ்சை ஆர் எங்களைத் தெரிஞ்ச ஆக்கள்?”

அவள் தின்றாள். வேண்டாமென்று சொல்லவில்லை, தயங்கவும் இல்லை. இரண்டு கையாலும் தின்னாத குறைதான். முள்ளைச் சப்பிக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் மத்தேயு நின்றான். தோளில் கயிற்றுச் சுருள், கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம். விரதக்காரருக்குக் கொடுக்கப் பழம் தேடிச் சந்தை முழுக்க அலைந்து, கோயிலடிக் கடையில் சுத்தமாகப் பார்த்து வாங்கியிருக்கிறான். அவர்களைத் தேடித்தான் எட்டிப் பார்த்திருக்கிறான்.

அப்புத்துரையின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. மத்தேயு இலைகளைப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து பழச் சீப்பை மேசையில் வைத்தான்.

“ஆறுதலாச் சாப்பிடுங்கோ ஐயா. காத்து மாறமுதல் வெளிக்கிடவேணும். நான் வள்ளத்தடியிலை நிக்கிறன்.”

இராசமலருக்கு வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த வள்ளத்தில் ஏறாமல் வீடு போக வேறு வழியும் இல்லை. ஏறினார்கள். மத்தேயு வழக்கம்போலவே அவள் ஏறக் கை கொடுத்தான். வழியில் ஒரு வலைக்காரனிடம் இரண்டு பெரிய பாரை வாங்கி வள்ளத்துக்குள் போட்டான். அப்புத்துரை காற்றைப் பற்றி, மழையைப் பற்றி, வேளாண்மையைப் பற்றி ஏதேதோ சொல்லிப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டார்.

கரையில் ஜோசப்பினும் பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். “சோதினை எப்பிடிப் பிள்ளை? இளநி வெட்டி வைச்சிருக்கிறன், வா,” என்றாள் ஜோசப்பின். மத்தேயு இரண்டு மீனையும் தூக்கி அவளிடம் நீட்டினான்.

“இதை வெட்டிக் குழம்பு வை.”

“என்னப்பா நீங்கள்? விரதக்காரர் நிக்கினம்.”

“விரதமில்லை. கடையிலை மீனும் சோறும் சாப்பிட்டவை, என்ரை கண்ணாலை கண்டனான். எங்கடை வீட்டிலைதான் சாப்பிடாயினம்.”

ஜோசப்பினுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் முகம் கறுத்தது.

“அது மத்தேயு… பெரியாக்கள் வைச்ச ஒரு பழக்கம்…” என்று அப்புத்துரை இழுத்தார்.

“பழக்கம் எங்களுக்குத் தெரியாதே ஐயா?” என்றாள் ஜோசப்பின். “முதல் நாளே சொல்லியிருந்தா அரிசியும் புதுச் சட்டியும் தந்து நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்கோ எண்டு விட்டிருப்பன். உங்களை மாதிரி எத்தினை பேரைக் கண்டிருக்கிறம். அதுக்கு நான் கோவிக்கிறேல்லை. என்ரை பிள்ளையளை ஏன் பட்டினி போட்டனீங்கள்? வருசப் பிறப்பண்டு அதுகள் அழுதது உங்களுக்குக் கேட்டதுதானே? பிள்ளை, உனக்குக் கேட்டதுதானே?”

இராசமலருக்குக் கேட்டது. சின்னவள் அழுத குரலும் ஜோசப்பின் அதட்டிய குரலும் இரண்டுமே கேட்டன. அழுதுகொண்டே முன்னுக்குப் போய், “அக்கா, இண்டைக்கு நான் உங்களோடை இருந்து சாப்பிடுறன். நீங்கள் சமையுங்கோ,” என்றாள். தகப்பன் பின்னால் நிற்கிறார் என்பதை அவள் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஊர் தெரிந்தாலென்ன, தாலி வராவிட்டாலென்ன என்றுதான் இருந்ததாம்.

ஜோசப்பின் மீனை வாங்கிக்கொண்டாள்.

“வேண்டாம் பிள்ளை. இது என்ரை பிள்ளையளுக்குத்தான் காணும்.”

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். பிள்ளைகள் பின்னால் ஓடின. மரியமலர் மட்டும் வாசலில் நின்று திரும்பி இராசமலரைப் பார்த்தாள். “எனக்கு அப்ப கோவமில்லை. அந்தத் தண்ணிக்குள்ளாலை நான் போனது எல்லாம் சும்மாவோ எண்டுதான் யோசிச்சனான்,” என்று மரியமலர் என்னிடம் சொன்னாள்.

தகப்பனும் மகளும் வந்த வழியே நடந்தார்கள். பரந்தன்வரை ஒரு உழவு மெசினில் இடம் கிடைத்தது. அடுத்த அறுவடைக்கு மத்தேயு கருவாட்டோடு வட்டக்கச்சிக்கு வந்தான். அப்புத்துரையின் படலையைத் தாண்டிப் போனான்.

கலாசாலை கிடைத்துவிட்டது. அப்புத்துரை குடியேற்றத் திட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மச்சானுக்கு வேறு பெண் பார்த்தார்கள். இராசமலர் பெட்டியோடு விடுதிக்குப் போன முதல் நாள், விடுதிக்குப் பொறுப்பான அம்மா புதிதாக வந்தவர்களை வரிசையாக நிற்பாட்டி, சமையலுக்காக ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

“சைவமோ, மச்சமோ?”

மச்சமென்றால் மீனும் இறைச்சியும். முன்னால் நின்றவர்கள் பட்டுப்பட்டென்று பதில் சொன்னார்கள். இராசமலரின் முறை வந்தது. தன் பிள்ளைகளுக்கு மட்டும்தான் போதும் என்று ஜோசப்பின் மீனை வாங்கிக்கொண்டு போன அந்த நாளுக்குப் பிறகு அவள் மீன் தொட்டிருக்கவில்லை. முடியவில்லை. அது விரதமும் இல்லை, பக்தியும் இல்லை. என்ன பெயர் சொல்வதென்றும் தெரியவில்லை.

“சைவம்,” என்றாள்.

“அச்சா. நல்ல குடும்பத்துப் பிள்ளை,” என்றார் அந்த அம்மா, மற்றவர்களுக்கும் கேட்கும்படியாக.

இராசமலர் அந்த இடத்திலேயே வாய்விட்டு அழத் தொடங்கிவிட்டாள். வீட்டு ஞாபகம் வந்துவிட்டதாக்கும் என்று எல்லாரும் சூழ்ந்து நின்று தேற்றினார்கள்.